சுண்ணாம்பு இல்லாத வெற்றிலை

தட்டு கனக்கவில்லை. மூன்று வெற்றிலையும் வெட்டாத ஒரு பாக்கும் என்ன கனம் கனக்கும், வெள்ளியின் கனம்தான், அதுவும் என் தகப்பனார் காலத்திலிருந்து புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து நடுவில் மெலிந்துபோன வெள்ளி. ஆனால் தோள் இறங்குகிறது. இறங்கக் கூடாது. தட்டு மார்புக்கு நேரே இருக்க வேண்டும், சுமப்பவன் முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது, வாயைச் சுற்றிய துணி நழுவக் கூடாது. வாயைக் கட்டுவது மன்னர் போடும் வெற்றிலையில் எங்கள் மூச்சு படாமல் இருக்க என்று சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அடைப்பைக்காரன் நாள் முழுக்க மன்னர் பக்கத்தில் வெற்றிலைப் பையோடு நிற்கிறவன், எல்லாம் அவன் காதில் விழும், காதைக் கட்ட முடியாது என்பதால் வாயைக் கட்டிவிட்டார்கள். இன்று அந்தத் துணி ஈரமாக இருக்கிறது, மூச்சா வியர்வையா தெரியவில்லை. மடிக்காத, சுண்ணாம்பு தடவாத வெற்றிலை சபையைச் சுற்றி வருகிறது. சாப்பிட்ட பிறகு போடும் வெற்றிலைக்கும் இதற்கும் சுண்ணாம்புதான் வித்தியாசம். இதை எடுத்து வாயில் போட்டவன் படைக்குத் தலைமை ஏற்றான் என்று பொருள், போட்டால் பேச்சு முடிந்தது, அதன் பிறகு பெற்றவள் வந்து தரையில் புரண்டாலும் மாற்ற முடியாது. வெள்ளாற்றின் அக்கரையில் வடக்கத்திப் படை வந்து இறங்கியிருக்கிறது. எடுத்தவன் போய் ஆற்றுத் துறையை மறிக்க வேண்டும். மறித்துவிட்டுத் திரும்பி வருவான் என்று இந்த மண்டபத்தில் யாரும் நினைக்கவில்லை. வரிசையின் கடைசியில், மூலைத் தூணுக்குப் பக்கத்தில், என் மகன் உய்யவந்தான் நிற்கிறான்.

தண்டநாயகர் முன்னால் முதலில் நிற்கிறேன். எல்லாப் படைக்கும் தலைவர், முதல் மரியாதை அவருக்கு. அவர் உத்தரத்தைப் பார்க்கிறார். உத்தரத்தில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது, இத்தனை பெரிய மனிதர் தன்னை இவ்வளவு கவனமாகப் பார்ப்பார் என்று அது எதிர்பார்த்திருக்காது. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று மெதுவாக ஒரு மூச்சு இழுத்துவிட வேண்டும், அதற்குள் கை வராவிட்டால் அடுத்தவர், இதுதான் முறை. தட்டு பின்னால் திரும்பக் கூடாது, நடுவில் ஒருவரைத் தாண்டிப் போகவும் கூடாது. கட்டியக்காரன் கத்துகிறான், எழுகடலரையர் குலத்தின் வெற்றிலை வருகிறது, ஏற்கும் கை எது, ஏற்கும் கை எது என்று. நல்ல குரல் அவனுக்கு. எழுகடலரையர். ஏழு கடலை ஆண்ட குலமாம். நான் வேலைக்கு வந்தபோது கைவசம் ஒரே ஒரு துறைமுகம் இருந்தது, அதையும் மன்னரின் தமையனார் பிடித்துக்கொண்டார், பிடித்துக்கொண்டவர் அதோடு நிற்காமல் தம்பியை ஒழிக்க வடக்கே போய்ப் படையைக் கூட்டி வந்தார், இப்போது அந்தப் படைக்கு அண்ணனும் வேண்டாம் தம்பியும் வேண்டாம், ஊர்தான் வேண்டுமாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துகிறது குடைகிறது என்றால் யார் என்ன செய்வது. ஏழு கடலில் மிச்சம் இந்த மண்டபம். மூச்சு விட்டாயிற்று. தண்டநாயகர் பல்லியை விடவில்லை. நகர்கிறேன்.

அடுத்தவர் மன்னரின் தாய்மாமன், அம்மான் என்றுதான் அரண்மனையில் எல்லோரும் சொல்வார்கள். தட்டு வருவதற்கு முன்பே அவருக்கு இருமல் வந்துவிட்டது. நல்ல இருமல்தான், குறை சொல்ல முடியாது, கண்ணில் நீர்கூட வருகிறது. மற்ற நாளில் இந்தக் கை என் பைக்குள் தானாக நுழைந்து கிராம்பையும் சாதிக்காயையும் அள்ளும், இன்று வாயைப் பொத்திக்கொண்டு வாயைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இவருக்குத் தெரிந்திருக்கும். தண்டநாயகருக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது வெற்றிலையால். நேற்று மதியம் உள்ளறையில் மன்னர் படுத்திருந்தார், கண் மூடித்தான் இருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். ‘சாத்தா, மலைப்பக்கம் நல்ல வெற்றிலை கிடைக்காதாமே’ என்றார். நான் துணிக்கு மேலே கையையும் வைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன். ‘பயணக் கட்டாகக் கட்டி வை. நீயும் வருகிறாய்’ என்றார். அவ்வளவுதான். பயணக் கட்டு என்றால் கொழுந்து ஆகாது, முற்றிய இலையாகப் பார்த்துத் துடைத்து ஈரத்துணியில் அடுக்கி அதன்மேல் வாழைமட்டை சுற்ற வேண்டும். சுற்றும்போதே கை சொல்லிவிட்டது, நாடு போயிற்று என்று. தெற்கு வாசலில் மூடுவண்டிகள் பூட்டி நிற்கின்றன, அரண்மனைப் பெண்கள் ஏறியாயிற்று, ஆற்றில் யாராவது போய் ஒரு பகல் மறித்து நின்றால் வண்டிகள் காட்டுக்குள் போய்விடும். இந்தத் தட்டு நாட்டுக்காக அல்ல, வண்டிக்காக. நான் அந்த வண்டிக்குப் பின்னால் நடந்து போவேன், பிழைத்துக்கொள்வேன், மலையில் உட்கார்ந்து மன்னருக்கு வாடின வெற்றிலை மடித்துக் கொடுப்பேன். அம்மான் இன்னும் இருமுகிறார்.

உய்யவந்தானிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டான், நம்பினால் அதைவிட ஆபத்து, சபையில் நின்று உரக்கக் கேட்டுவிடுவான். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை, அதனால்தான் அந்தப் பெயர், நாங்கள் உய்ய வந்தவன். காலையில் கச்சையைக் கட்டிக்கொண்டே கேட்டான், கச்சைகூட அவனுடையது இல்லை, இரவல், இவனைவிடப் பருத்த எவனோ கட்டியது, முனை தொங்கியது.

‘அப்பா, இன்னைக்குத் தட்டு வருமா?’

‘வந்தா வரட்டும். நீ மேலே பார்த்துக்கிட்டு நில்லு.’

‘மேலே என்ன இருக்கு?’

‘தண்டநாயகர் என்ன பார்க்கிறாரோ அதையே நீயும் பாரு. தட்டைப் பார்க்காதே. என்னைப் பார்க்காதே.’

‘எவனும் எடுக்கலேன்னா அது மன்னருக்கு அவமானம் இல்லையா?’

அவன் அம்மா நங்கையாள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ‘தட்டு உங்க கையிலதானே இருக்கு? அவன்கிட்ட வராம அப்படியே திரும்பிடுங்களேன்’ என்றாள். முறையை விளக்கினேன், திருப்பக் கூடாது, திருப்பினால் கையை எடுத்துவிடுவார்கள் என்று. ‘கை போனா போகட்டும், நான் ஊட்டறேன்’ என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. உய்யவந்தான்தான் சிரித்தான், ‘அம்மா, அப்பா கை போனா மன்னருக்கு யாரு மடிக்கிறது?’ என்று. அவன் சிரிக்கும்போது மேல் உதட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை வடு விரியும். தவழ்கிற வயசில் என் சுண்ணாம்புக் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிவிட்டான், வாய் வெந்து மூன்று நாள் பால் குடிக்கவில்லை, நங்கையாள் வெண்ணெய் தடவிக்கொண்டே என்னை வைதாள். நான் குழைக்கிற சுண்ணாம்பு அப்படி, கிளிஞ்சல் சுட்டு இளநீரில் நீற்றியது, கொஞ்சம் பச்சைக் கற்பூரம், இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. இவன் ஏன் எடுப்பான் என்று நினைக்கிறேன். எடுப்பான். ‘எவனும் எடுக்கலேன்னா’ என்று கேட்டானே, அந்தக் கேள்வி கேட்டவன் எடுப்பான்.

நடக்கிறேன். அம்மானுக்கு அடுத்து நிற்கிறவர்களின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சல் என்றும் பெண்ணுக்குப் பிரசவம் என்றும் சொல்லிக்கொண்டு ஊருக்குப் போனார்கள், போனவர்கள் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள். காலி இடம் கண்ணை உறுத்துகிறது என்று மன்னர் அரண்மனைக் காவலில் இருந்த பையன்களுக்குப் பட்டம் கட்டி நிறுத்தினார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. என் மகன் அப்படி வந்த சர்க்கரைதான். பட்டம் கட்டின அன்று நங்கையாள் தெருவெல்லாம் வெல்லம் கொடுத்தாள், நானும் சந்தோஷப்பட்டேன், பட்டேன், பொய் சொல்வானேன். என் தகப்பனார் சொல்வார், அந்தக் காலத்தில் தட்டு நான்கு பேரைத் தாண்டாதாம், நான் முந்தி நீ முந்தி என்று கைகள் வந்து மோதுமாம், ஒருதடவை ஒருவருடைய நகம் கிழித்து, தட்டைப் பிடித்திருந்த என் தகப்பனார் புறங்கையில் நீளமாகத் தழும்பு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தழும்பைக் காட்டுவார். கிழித்த நகம் இளமங்கலங்கிழாருடையது என்பார். கைகள் மோதிக்கொண்டு எடுத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டார். எனக்குத் தழும்பு கிடையாது. கட்டைவிரல்தான் சுண்ணாம்பு அரித்து ரேகை இல்லாமல் வழவழவென்று கிடக்கிறது, நங்கையாள் சோற்றில்கூட அந்த வாசனை வருகிறது என்பாள். பெயர் தெரியாத முதல் பையன் தன் கால்விரலைப் பார்க்கிறான். அடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுக்கிறான், சாமி பெயராக இருக்கும். மூச்சு. நகர்கிறேன். கட்டியக்காரன் குரல் கம்ம ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டே பேர், இளமங்கலங்கிழார், அப்புறம் இவன்.

இளமங்கலங்கிழார் இன்னும் இருக்கிறார். அதே நகத்துக்காரர். அவருக்கு மட்டும் ஆசனம் போட்டிருக்கிறார்கள், நிற்க முடியாது. கிழார் என்றால் ஊரை உடையவர், இப்போது உடைமை போய்க் கிழவர் மட்டும் மிச்சம். காது அடைத்துவிட்டது, இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. பேரன்கள் ஆட்களையும் யானையையும் ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனதை யாரும் இவரிடம் சொல்லவில்லை, காது கேட்காதவரிடம் அவ்வளவு பெரிய சேதியை எப்படிக் கத்துவது. தினமும் பல்லக்கில் வந்து உட்காருவார், தூங்குவார். சபை முடிந்ததும் இரண்டு விரலை நீட்டுவார், நான் மடித்த வெற்றிலையை வைப்பேன், கட்டைவிரலால் சுண்ணாம்பின் ஈரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டாகக் கிழித்து, பாதியை வாயில் போட்டுப் பாதியை மடியில் முடிந்துகொள்வார். அவருக்குச் சபை என்பது கடைசியில் வரும் வெற்றிலை. காய்ந்த இலை விரலில் பட்டால் இது படைக்கான தட்டு என்று அவருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் இந்தத் தட்டைப் பார்த்ததோடு சரி, இவர் தொட்டு எடுத்தவர், ஒருதடவை அல்ல. காய்ந்த இலை பட்டால் தெரியும். ஈரம் பட்டால். ஈரம் பட்டால் தெரியாது. இதை நான் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நினைப்பு வருவதற்குள் வலது கை இடுப்புப் பைக்குள் போய்விட்டது, கட்டைவிரல் சுண்ணாம்பில் இறங்கிவிட்டது, குளிர்ச்சியாக இருக்கிறது. யாராவது பார்ப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. இத்தனை பெரிய சபையில் ஒரு கண்கூடத் தட்டில் இல்லை, உத்தரத்தில் இருக்கிறது, கால்விரலில் இருக்கிறது, மன்னரின் கண் தெற்கு சன்னலில் இருக்கிறது, வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று. பார்க்காமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபடுகிற சபையில் திருடுவது எளிது. ஒரு இலையைத் தடவினேன், சீவல் நான்கு கிள்ளி வைத்தேன், மடித்தேன். எத்தனை வருஷத்துக் கை, ஒரு மூச்சு போதும். கிழவர் தூங்கவில்லை. என் நிழல் மேலே விழுந்ததும் முகம் மலர்ந்தது, இரண்டு விரலை நீட்டினார். பாவம், சபை இன்று சீக்கிரம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். தட்டை அந்த விரலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். கட்டைவிரல் தடவிப் பார்த்தது. ஈரம். எடுத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிழித்துப் பாதியை வாயில் போட்டார். யாரோ ஒருவன் முதலில் ஓ என்றான், பிறகு மண்டபம் முழுக்க ஓ என்றது, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது, அம்மானின் இருமல் நின்றேவிட்டது. கட்டியக்காரன் இளமங்கலங்கிழார் ஏற்றார், இளமங்கலங்கிழார் ஏற்றார் என்று தொண்டை கிழியக் கத்துகிறான், சங்கு ஊதுகிறார்கள். நடக்க முடியாத ஒரு மனிதர் ஆற்றை மறிக்கப் போகிறார் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. யாராவது ஒருவர் ஏற்க வேண்டும், ஏற்றாயிற்று, ஏற்றவர் எப்படிப் போவார் என்பது அவர் பாடு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எனக்கும் அப்படித்தான், இன்னொருவர் தலை என்பதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம், எண்பது வயது தாண்டின தலை, மலையில் உட்கார்ந்து நிதானமாக நினைத்து அழுதுகொள்ளலாம், நேரம் நிறைய இருக்கும். தட்டைத் தாழ்த்திக்கொண்டு மகனைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது, பார்த்தேன். அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து விறைத்திருந்தது, இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்திருந்தது. இவ்வளவு இரைச்சலிலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. உத்தரத்தில் அந்தப் பல்லி. தண்டநாயகர் பார்த்ததையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான் சொன்னபடி. பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் கேட்காதவன் இன்றைக்குக் கேட்டிருக்கிறான். எடுத்திருக்க மாட்டான். தட்டு அவன் முன்னால் போய் நின்றிருக்கும், ஒரு மூச்சு, அப்புறம் வெறுமனே திரும்பியிருக்கும், கிழவர் காய்ந்த இலையைத் தொட்டதும் விரலை மடக்கிக்கொண்டிருப்பார், வெற்றிலை காய்ந்துபோய்க் கிடந்திருக்கும். நான் கையைப் பைக்குள் விட்டிருக்க வேண்டாம்.

இளமங்கலங்கிழாருக்கு ஓசை கேட்காது, ஆனால் சங்கின் அதிர்வு தரை வழியாகக் காலுக்கு வந்திருக்க வேண்டும், ஆட்கள் நெருங்கி வந்து தோளைத் தொடுவது தெரிந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் கல்யாண வீட்டு முகம் வந்தது. மடியில் முடிவதற்காக வைத்திருந்த பாதி வெற்றிலை விரல் நடுவில் நின்றது. விருந்து வீட்டில் தனியாகப் போட்டுக்கொள்வது அழகில்லை என்று நினைத்தாரோ என்னவோ. வேண்டாம் ஐயா, மடியில் முடிந்துகொள்ளுங்கள், தினமும் முடிவீர்களே. சொல்ல வாய் துணிக்குள் இருக்கிறது, அவிழ்த்துச் சொன்னாலும் அவருக்குக் காது இல்லை. அவர் பக்கத்தில் துழாவினார், உய்யவந்தானின் கை அகப்பட்டது, இரவல் கச்சையின் தொங்கும் முனையைத் தாண்டி அந்தக் கையைப் பிடித்தார். ‘தம்பி, நீயும் போடு’ என்று காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னார். சங்கு ஊதியவர்கள் சங்கை இறக்கினார்கள். ஏற்றவர் தன் வெற்றிலையில் பாதியைக் கொடுத்தால், வாங்கினவன் அவருக்கு வலக்கை, அவரோடு படைக்குப் போக வேண்டும். அதுவும் முறைதான், யாரும் மறக்கவில்லை, நான்தான் மறந்திருந்தேன். என் மகன் கண்ணைக் கீழே இறக்கினான். தட்டைப் பார்க்காதே என்றுதான் சொல்லியிருந்தேன், பெரியவர் கையால் நீட்டுகிற வெற்றிலையை என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. அவன் ஒரு நொடி அதைப் பார்த்தான். இரண்டு கையாலும் குனிந்து வாங்கி வாயில் போட்டான்.

மென்றான். தாடை அசைந்தது, பிறகு நின்றது. அந்த நாக்குக்குத் தெரியும். தவழ்கிற வயசிலேயே தெரிந்துகொண்டது, வெந்து தெரிந்துகொண்டது, கிளிஞ்சல், இளநீர், பச்சைக் கற்பூரம். சபைச் சுற்றில் வருகிற வெற்றிலையில் அது இருக்கக் கூடாது என்றும் தெரியும். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், காலையில் பார்க்காதே என்று சொல்லியிருந்த என்னை. கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தால் தேவலை என்று இருந்தது. உதட்டோரத்து வடு லேசாக விரிந்தது. அப்புறம் மறுபடியும் மெல்ல ஆரம்பித்தான், மெதுவாக, கடைசி வரைக்கும்.

‘நல்ல வெற்றிலை’ என்றார் கிழவர், எல்லோருக்கும் கேட்க. ‘விருந்து யார் வீட்டில்?’

உய்யவந்தான் குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அவருக்குக் கேட்கும்படி கத்தினான், அதனால் எனக்கும் நன்றாகக் கேட்டது.

‘எங்க வீட்டு விருந்துதான், ஐயா. வாங்க, போகலாம்.’

தோளில் கை கொடுத்து எழுப்பினான். கிழவர் அவன் மேல் சாய்ந்துகொண்டு, வழியில் யார் யாரோ இருப்பதாக நினைத்து இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டே நடந்தார். கச்சையின் முனை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, யாராவது அதை எடுத்துச் செருகியிருக்கலாம். நான் மன்னர் பக்கத்தில் என் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன், எப்படி வந்தேன் என்று தெரியவில்லை, கால் பழகிய வழி. நங்கையாள் வாசலில் நிற்பாள். இரண்டு பேரில் யார் முதலில் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். மன்னர் சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் எப்போதும் போலப் பக்கவாட்டில் கையை நீட்டுகிறார். இலையைத் துடைக்கிறேன், சீவல் வைக்கிறேன், மடிக்கிறேன், கொடுக்கிறேன். வாயில் போட்டு இரண்டு மெல்லு மென்றவர் நிறுத்துகிறார். என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

‘சாத்தா, சுண்ணாம்பு எங்கே?’ என்று கேட்கிறார்.